ஒரே ஏர்கானுக்கு மூன்று விலை சொல்கிறார்கள்: எதை நம்புவது?

சிங்கப்பூரின் செங்காங்கில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் குடியிருக்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். வீட்டில் இருப்பது ஏழு ஆண்டு பழைய சிஸ்டம் 3 ஏர்கான். பெரிய படுக்கையறையில் மட்டும் குளிர் குறைந்துவிட்டது, விடியற்காலையில் தண்ணீர் சொட்டுகிறது. மற்ற இரண்டு அறைகளும் நன்றாகக் குளிர்கின்றன. மூன்று பேரை வரவழைத்துக் காட்டியிருக்கிறார். முதலாமவர் கேஸ் (குளிரூட்டும் வாயு) குறைந்துவிட்டது, நிரப்ப 90 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) என்றாராம். இரண்டாமவர் மூன்று அறைகளுக்கும் கெமிக்கல் ஓவர்ஹால் (பிரித்து இறக்கிக் கழுவுவது) செய்ய 450 வெள்ளி கேட்டாராம். மூன்றாமவர் கம்ப்ரஸர் (கேஸை அழுத்திச் சுற்றவிடும் இயந்திரம்) போய்விட்டது, மாற்ற 1,100 வெள்ளி ஆகும் என்றாராம். "இதில் நியாயமான விலை எது?" என்பது கேள்வி.

கேள்வி விலையைப் பற்றியது போலத் தெரிந்தாலும், அவருக்கு உண்மையில் தெரிய வேண்டியது வேறு. இந்த மூவரில் பழுதைச் சரியாகக் கண்டுபிடித்தவர் யார்? மூன்று விலைகளும் மூன்று வெவ்வேறு வேலைகளுக்கானவை, அவற்றை ஒன்றோடொன்று ஒப்பிட வழியில்லை. பழுது இன்னதென்று தெரிந்த பிறகுதான் நியாயமான விலையைப் பற்றிப் பேசவே முடியும். நான் இந்தத் தொழிலை முறையாகப் படித்து, பல ஆண்டுகளாக வீவக வீடுகளிலும் கொண்டோமினியங்களிலும் ஏர்கான் பழுதுபார்த்து வருகிறேன். உங்கள் ஏர்கானை நேரில் பார்க்காததால், எது உறுதி, எது ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் உறுதியானதைச் சொல்கிறேன். சிஸ்டம் 3 என்றால் வெளியே லெட்ஜில் (சன்னலுக்கு வெளியே இருக்கும் திண்டில்) கண்டென்சர் எனப்படும் ஒரே ஒரு வெளிப்பெட்டி, உள்ளே சுவர்களில் ஃபேன் காயில்கள் எனப்படும், குளிர்காற்றை ஊதும் மூன்று பெட்டிகள். கம்ப்ரஸர் வெளியே இருக்கும் அந்தக் கண்டென்சருக்குள் இருக்கிறது. மூன்று அறைகளுக்கும் அது ஒன்றுதான். ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாக ஒரு ஜோடிச் செப்புக் குழாய் போகிறது. எந்த அறைக்கு எவ்வளவு கேஸ் போக வேண்டும் என்பதைக் கண்டென்சருக்குள் இருக்கும் எக்ஸ்பேன்ஷன் வால்வுகள் பார்த்துக்கொள்கின்றன. கம்ப்ரஸர் செத்துவிட்டால் மூன்று அறைகளும் சேர்ந்தே சூடாகும். உங்கள் வீட்டிலோ இரண்டு அறைகள் நன்றாகக் குளிர்கின்றன. ஆகவே 'கம்ப்ரஸர் போய்விட்டது' என்ற முடிவை நான் ஏற்கமாட்டேன். அப்படிச் சொன்னவர் எதை அளந்து பார்த்துச் சொன்னார் என்று கேளுங்கள். கம்ப்ரஸர் எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, அதன் மூன்று முனைகளுக்கிடையே மின்தடை எவ்வளவு என்ற எண்கள் இல்லாமல் யாரும் ஒரு கம்ப்ரஸருக்கு மரணச் சான்றிதழ் எழுதக்கூடாது.

ஒரே அறையில் மட்டும் கோளாறு என்றால், பெரும்பாலும் கோளாறு அந்த அறையின் ஃபேன் காயிலிலோ அதற்குப் போகும் குழாயிலோ வால்விலோதான் இருக்கும். குளிர் குறைவதும் தண்ணீர் சொட்டுவதும் சேர்ந்து வரும்போது எனக்கு முதலில் தோன்றுவது அழுக்கு. ஃபில்டரை மாதாமாதம் கழுவுகிற வீடுகளில்கூட, உள்ளே உருளை வடிவில் சுழலும் புளோயரின் இதழ்களில் ஈரமும் தூசும் சேர்ந்து கறுப்பாகப் படிந்துவிடுகிறது. காற்று குறைந்தால் உள்ளிருக்கும் காயிலில் (குளிரும் குழாய்ச் சுருளில்) பனிக்கட்டி பிடிக்கும். ஏர்கானை அணைத்ததும் அந்தப் பனி ஒரேயடியாக உருகும். அந்த நீரைத் தாங்காமல் கீழே இருக்கும் தட்டு வழிந்து, சுவரில் இறங்கும். வடிகால் குழாயில் பாசி அடைத்திருந்தாலும் சொட்டும், ஆனால் அடைப்பு மட்டும் என்றால் குளிர் குறையாது. இன்று இரவே நீங்கள் ஒன்று செய்து பார்க்கலாம். 18 டிகிரியில் வைத்து ஒரு மணி நேரம் ஓடவிட்டு, முன்மூடியைத் திறந்து, கைவிளக்கு அடித்துக் காயிலைப் பாருங்கள். காயில் முழுவதும் பரவலாகப் பனி இருந்தால் காற்றோட்டத்தில் குறை. கேஸ் உள்ளே நுழையும் ஓரத்தில் மட்டும் பனி பிடித்து, மற்ற பகுதி காய்ந்திருந்தால் கேஸ் குறைவாக இருக்கலாம், அல்லது அந்த அறையின் வால்வு சரியாகத் திறக்காமல் இருக்கலாம். இது முழு நிச்சயமான சோதனை அல்ல. ஆனாலும் வருபவரிடம் பேச உங்கள் கையில் ஒரு சான்று இருக்கும்.

இனி கேஸ். இந்த ஊரில் ஏர்கான் விஷயத்தில் மக்கள் அதிகம் பணம் இழப்பது இதில்தான் என்பது என் அனுபவம். காரில் பெட்ரோல் தீர்வதுபோல ஏர்கானில் கேஸ் தீர்வதில்லை. அது மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. நிறுவும்போது சரியாக நிரப்பியிருந்தால் ஏர்கானின் ஆயுள் முழுவதும் அதே கேஸ்தான். குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது, வேறு காரணமே இல்லை. எனவே 90 வெள்ளிக்குக் கேஸ் நிரப்பிவிட்டுப் போகிறவர், கசிவைத் தேடாமல் போனால், மூன்று மாதத்திலோ ஆறு மாதத்திலோ மறுபடியும் உங்கள் வீட்டு மணியை அடிப்பார். அந்த 90 வெள்ளி கணக்கில் மலிவாகத் தெரிந்தாலும் பழுது அப்படியே இருக்கும்.

கேஸ் குறைவு என்று எதை வைத்துச் சொன்னார் என்பதும் முக்கியம். பழைய சாதாரண ஏர்கான்களில் அழுத்தமானியை மாட்டி, பிஎஸ்ஐ அளவில் அழுத்தம் எவ்வளவு என்று பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும். இன்வெர்ட்டர் ஏர்கானில் கம்ப்ரஸரின் வேகம் அறையின் வெப்பத்துக்கேற்ப ஏறி இறங்கும், அழுத்தமும் கூடவே ஏறி இறங்கும். அறை குளிர்ந்தபின் எடுத்த ஓர் அளவை வைத்து முடிவு கட்டுவது தவறு. சரியான முறை, கண்டென்சரின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எழுதியிருக்கும் எடைக்கு ஏற்பத் தராசில் வைத்துக் கேஸை நிரப்புவது. அதற்கு முதலில் மிச்சமிருக்கும் கேஸை எடுக்க வேண்டும். பிறகு நைட்ரஜனை ஏற்றிக் குழாய் அழுத்தத்தைத் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும். இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேடி, சரிசெய்து, வாக்குவம் பம்ப் வைத்து உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுத்த பிறகே புதுக் கேஸ். இன்றைய கேஸ்களோடு போகும் எண்ணெய் ஈரத்தை வெகு வேகமாக இழுத்துக்கொள்ளும் வகை. வாக்குவத்தைப் பத்து நிமிடத்தில் முடித்தால் அந்த ஈரம் கம்ப்ரஸரைத் தின்றுவிடும். இத்தனையும் செய்தால் அரைநாள் போய்விடும், விலையும் அதற்கேற்ப இருக்கும். 'கேஸ் டாப் அப்' என்று ஒருவர் 90 கேட்பதற்கும் இன்னொருவர் 350 கேட்பதற்கும் இடையிலான வித்தியாசம் இதில்தான் பிறக்கிறது. 350 கேட்டவர் இத்தனையும் செய்கிறாரா என்பதை அருகில் நின்று பாருங்கள். பணம் கொடுப்பவர் நீங்கள், பார்ப்பதில் தவறில்லை.

எந்தக் கேஸ் என்பதும் விலையை மாற்றும். மிகப் பழைய ஏர்கான்களில் ஆர்-22 இருக்கும். ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் மாண்ட்ரியல் உடன்பாட்டின்கீழ் உலகமே கைவிட்டுவரும் கேஸ் அது. அடுத்து வந்தது ஆர்-410ஏ. அதன் அழுத்தம் ஆர்-22ஐவிட ஏறக்குறைய 1.6 மடங்கு என்பதால் பழைய பெட்டியில் புதுக் கேஸை ஊற்றிச் சமாளிக்க முடியாது. இப்போது விற்பவை பெரும்பாலும் ஆர்-32. புவி வெப்பமாதல் திறன் 750ஐத் தாண்டும் கேஸ் கொண்ட வீட்டு ஏர்கான்களைச் சிங்கப்பூரில் விற்பனைக்கு விடுவதற்கு 2022 அக்டோபர் முதல் தடை இருக்கிறது. ஆர்-410ஏவின் அளவு 2,000க்கு மேல், ஆர்-32க்கு 675. ஆர்-32 லேசாகத் தீப்பற்றக்கூடியது, ஆகவே உள்ளே கேஸ் இருக்கும்போது யாரும் குழாயில் நெருப்பு வைத்துப் பற்றவைக்கக்கூடாது, அந்த வேலையை அரைகுறையாகக் கற்றவரிடம் கொடுக்காதீர்கள். உங்களுடையது ஏழு ஆண்டுப் பழையது என்பதால் ஆர்-410ஏவாகவும் இருக்கலாம், ஆர்-32ஆகவும் இருக்கலாம். ஸ்டிக்கரில் தெளிவாக எழுதியிருக்கும்.

இரண்டாமவர் சொன்ன ஓவர்ஹாலுக்கு வருகிறேன். சாதாரண சர்விஸ், கெமிக்கல் வாஷ், ஓவர்ஹால் ஆகிய மூன்றும் மூன்று வேலைகள், ஆனால் விளம்பரங்களில் பெயர்கள் குழம்பிக் கிடக்கின்றன. சர்விஸ் என்றால் ஃபில்டரைக் கழுவி, மூடியைத் துடைத்து, வடிகாலை உறிஞ்சிச் சுத்தம் செய்வது. கெமிக்கல் வாஷ் என்றால் ஃபேன் காயில் சுவரிலேயே இருக்க, தட்டையும் புளோயரையும் கழற்றி, காயிலில் ரசாயனம் தெளித்துத் தண்ணீரால் அலசுவது. ஓவர்ஹால் என்றால் கேஸைக் கண்டென்சருக்குள் ஏற்றிப் பூட்டிவிட்டு, ஃபேன் காயிலையே சுவரிலிருந்து இறக்கி, அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துக் கழுவி மறுபடியும் மாட்டுவது. ஏழு ஆண்டில் ஒருமுறைகூட ஆழமாகக் கழுவாத ஃபேன் காயிலுக்கு ஓவர்ஹால் நல்ல வேலைதான். ஆனால் நன்றாக ஓடும் இரண்டு அறைகளையும் சேர்த்து இறக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. இறக்கி ஏற்றும்போது பழைய குழாய் இணைப்புகளைத் திறந்து மூட வேண்டியிருக்கிறது, கசிவு இல்லாத இடத்திலும் கசிவு தொடங்க அது வழிவிடும். ரசாயனத்தைச் சரியாக அலசாமல் விட்டால் அலுமினியத் தகடுகள் அரித்துப்போகும் என்பதையும் நினைவில் வையுங்கள். இரண்டாமவர் திசையைச் சரியாகவே பிடித்திருக்கிறார், தேவையைவிட அதிகமாகக் கேட்டிருக்கிறார் என்பது என் கருத்து. அந்த ஓர் அறைக்கு மட்டும் வாஷ் செய்யச் சொல்லுங்கள். புளோயரைக் கழற்றிய பிறகும் அழுக்கு உள்ளே ஒட்டியிருந்தால் அப்போது ஓவர்ஹாலைப் பேசிக்கொள்ளலாம்.

மின்சாரப் பழுதுகளில் விலை இன்னும் தாறுமாறாக இருக்கும். ஃபேன் காயிலில் விளக்கு மினுக்கினால் அது பழுதுக் குறியீடு ஒன்றைச் சொல்கிறது. டைக்கின் ஏர்கான்கள் பலவற்றில் ரிமோட்டின் கேன்சல் பொத்தானை ஐந்து விநாடி அழுத்திப் பிடித்தால் '00' தோன்றும். பிறகு அதே பொத்தானை ஒவ்வொரு முறையாக அழுத்திக்கொண்டே போனால், சரியான குறியீடு வரும்போது நீண்ட பீப் ஒலி கேட்கும். அதில் யு4 வந்தால் உள்ளேயிருக்கும் பிசிபியும் (மின்சுற்றுப் பலகை) வெளியேயிருக்கும் பிசிபியும் ஒன்றோடொன்று பேசவில்லை என்று பொருள். அதற்குக் காரணம் வெளி சுவிட்ச் அணைந்திருப்பதாக இருக்கலாம், கம்பி தளர்ந்திருப்பதாக இருக்கலாம், ஏதாவது ஒரு பிசிபி எரிந்திருப்பதாகவும் இருக்கலாம். ஒரே குறியீடு, செலவோ ஒன்றுமில்லாததிலிருந்து பல நூறு வெள்ளி வரை. குறியீட்டைப் பார்த்த உடனே 'பிசிபி மாற்றணும்' என்பவர் சோதனையைத் தாவிவிட்டார். பல்லி ஒன்று கதகதப்பைத் தேடி உள்ளே நுழைந்து, பிசிபியின் இரண்டு முனைகளில் உடம்பை வைத்துக் கருகிக் கிடப்பதை இந்த ஊரில் ஏர்கான் பார்க்கும் எவரும் கண்டிருப்பார். அப்படி எரிந்ததைப் பொதுவாக உத்தரவாதம் ஏற்பதில்லை.

வீடும் விலையில் பங்கெடுக்கிறது. சன்னல் வழியே கை எட்டும் லெட்ஜில் கண்டென்சர் இருந்தால் வேலை சுலபம். சன்னலை மறைத்து அலமாரி கட்டிய வீடுகளிலும், வெளிச்சுவரில் இரும்புத் தாங்கிமேல் கண்டென்சர் தொங்கும் பழைய புளோக்குகளிலும் பாதுகாப்புப் பட்டை, கூடுதல் ஆள் எல்லாம் தேவைப்படும். உயரத்தில் உயிரைப் பணயம் வைக்கும் வேலைக்கு மலிவு தேடாதீர்கள் என்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஞாயிறு, இரவு, பண்டிகைக்கு முந்தைய வாரம் ஆகியவற்றில் விலை ஏறும். ஏப்ரல், மே மாதங்களில் எல்லார் வீட்டிலும் ஒரே நேரத்தில் ஏர்கான் மக்கர் செய்யும். 2023 மே 13ஆம் தேதி அங் மோ கியோவில் 37 டிகிரி பதிவானதே, அதுபோன்ற நாட்களில் எங்கள் தொலைபேசி ஓய்வதில்லை. சொன்ன விலையில் 9 விழுக்காடு ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பதையும் கேளுங்கள். ஆண்டு வருமானம் 10 லட்சம் வெள்ளியைத் தாண்டாத சிறிய கடைகள் ஜிஎஸ்டிக்குப் பதிவு செய்ய வேண்டியதில்லை, அவர்கள் விலை குறைவாகத் தெரிய அதுவும் ஒரு காரணம்.

சில பழுதுகளின் வேர் ஏர்கானை மாட்டிய அன்றே ஊன்றப்பட்டிருக்கும். செப்புக் குழாய்ச் சுவரின் கனத்தை எஸ்டபிள்யூஜி என்ற அளவு எண்ணால் சொல்வார்கள்: 22 என்றால் 0.71 மில்லிமீட்டர், 24 என்றால் 0.56 மில்லிமீட்டர். மெலிந்த குழாயைப் போட்டு மலிவாக முடித்திருந்தால் கசிவு சீக்கிரம் வரலாம். குழாயைச் சுற்றும் இன்சுலேஷன் மெலிதாக இருந்தால், நம் ஊர் ஈரக்காற்றில் குழாய் வேர்த்து, டிரங்கிங் எனப்படும், குழாய்களை மூடியிருக்கும் பெட்டிக்குள்ளிருந்து நீர் கசியும். அப்போது எத்தனை முறை வாஷ் செய்தாலும் சொட்டு நிற்காது. உங்கள் வீட்டில் நீர் ஃபேன் காயிலுக்கு நேர்கீழே சொட்டுகிறதா, அல்லது டிரங்கிங் ஓரமாக இறங்குகிறதா என்று பாருங்கள். இரண்டாவது என்றால் நான் மேலே சொன்ன ஊகம் மாறிவிடும். செலவும் மாறும், ஏனென்றால் டிரங்கிங்கைக் கழற்றி, குழாயை மறுபடியும் சுற்ற வேண்டியிருக்கும்.

எண்களைக் கேட்டீர்கள். நான் அன்றாடம் பார்க்கும் மதிப்பீடுகளை வைத்து, வீவக வீடுகளுக்குத் தோராயமாகச் சொல்கிறேன்: வந்து பார்த்துச் சொல்ல 30 முதல் 60 வெள்ளி, ஓர் ஃபேன் காயிலுக்குச் சாதாரண சர்விஸ் 25 முதல் 40, கெமிக்கல் வாஷ் 70 முதல் 120, ஓவர்ஹால் 120 முதல் 200, ஃபேன் காயிலின் பிசிபி 200 முதல் 400. கம்ப்ரஸர் மாற்ற 700க்குக் கீழே அரிது, 1,000த்தைத் தாண்டுவது சாதாரணம். இவை சட்டமல்ல, பிராண்டுக்கும் வீட்டுக்கும் ஏற்ப ஏறி இறங்கும். என் ஊகம் சரியென்றால், அந்த ஓர் அறைக்கு 70 முதல் 200 வெள்ளிக்குள் உங்கள் வேலை முடிந்துவிட வேண்டும்.

ஏழு ஆண்டு என்பது ஏர்கானுக்கு நடுவயது தாண்டிய காலம். கம்ப்ரஸருக்குப் பல பிராண்டுகள் ஐந்தாண்டோ அதற்கு மேலோ உத்தரவாதம் தருகின்றன, மற்ற பாகங்களுக்குக் குறைவு. உங்கள் அட்டையைத் தேடி எடுத்துப் பாருங்கள். கம்ப்ரஸர் இலவசம் என்றாலும் கூலியும் கேஸும் பெரும்பாலும் உங்கள் தலையில்தான். ஒருவேளை பெரிய பழுதுதான் என்று உறுதியாகி, செலவு புது சிஸ்டம் 3 விலையில் பாதியை நெருங்கினால், நான் பழுதுபார்க்கச் சொல்லமாட்டேன். வீவக வீடுகளுக்கு அரசாங்கம் தந்த பருவநிலைப் பற்றுச்சீட்டுகளை ஐந்து டிக் (மின்சிக்கனத் தரக்குறி) ஏர்கான் வாங்கப் பயன்படுத்தலாம். புதிதாக மாட்டுவதென்றால் கட்டட, கட்டுமான ஆணையத்திடம் பயிற்சி பெற்றவரைத்தான் அழைக்க வேண்டும் என்பது வீவகவின் விதி.

வாடகைக்கு இருப்பவர்களும் இதைப் படிக்கக்கூடும். இங்கே வாடகை ஒப்பந்தங்களில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஏர்கான் சர்விஸ் குடியிருப்பவர் பொறுப்பு என்றும், குறிப்பிட்ட தொகை வரையிலான சிறு பழுது அவர் செலவு என்றும், அதற்கு மேல் உரிமையாளர் தருவார் என்றும் எழுதியிருப்பது வழக்கம். சர்விஸ் ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பராமரிக்கவில்லை என்று பழி வரும் நாளில் அவைதான் பேசும்.

அடுத்து வருபவரிடம் வேலை தொடங்குமுன்பே மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள், வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். அதில் வேலையின் பெயர், எந்த அறை, எந்தப் பாகம், எத்தனை நாள் உத்தரவாதம், ஜிஎஸ்டி சேர்ந்ததா என்பவை இருக்கட்டும். பாகம் மாற்றினால் பழையதை உங்களிடமே தரச் சொல்லுங்கள். "அண்ணே, எதை அளந்து பார்த்தீங்க?" என்று மரியாதையோடு கேட்டால், வேலை தெரிந்தவர் மகிழ்ச்சியோடு காட்டுவார். கேள்வியைக் கேட்டதும் கோபப்படுபவருக்குப் பரிசோதனைக் கட்டணத்தைக் கொடுத்து அனுப்பிவிடுங்கள். வாங்கிய பணத்துக்கு வேலை நடக்கவில்லை என்றால் பயனீட்டாளர் சங்கத்திடம் (CASE) முறையிடலாம். சிறு உரிமைகோரல் நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரையிலான வழக்குகளை விசாரிக்கிறது, இரண்டு ஆண்டுகளுக்குள் மனுப் போட வேண்டும், அங்கே வழக்கறிஞர் வைக்கவும் தேவையில்லை.

காயிலில் பனி எப்படிப் பிடித்திருந்தது, நீர் எங்கிருந்து சொட்டியது, கண்டென்சர் ஸ்டிக்கரில் இருக்கும் மாடல் எண்ணும் கேஸின் பெயரும் எடையும் என்ன, இவற்றை இங்கே எழுதுங்கள். விளக்கு மினுக்கினால் குறியீட்டையும் சேர்த்து எழுதுங்கள். அவற்றை வைத்து, வாஷ் போதுமா, வால்வைப் பார்க்க வேண்டுமா என்பதை இன்னும் தெளிவாகச் சொல்கிறேன். அதுவரை, நான் சொன்ன சோதனை நேரம் தவிர, அந்த அறை ஏர்கானை அணைத்தே வையுங்கள், கீழே மின்செருகி இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள். மற்ற இரண்டு அறைகளையும் தாராளமாக ஓட்டலாம்.